முள்ளு ஏறிடுச்சு டோய்!

இன்ஜின் பட்டறையில் வெள்ளை வேட்டிக்கு என்ன வேலை? இருக்கிறது. ஹானிங் முடிந்து வந்த சிலிண்டர் பிளாக்கை வெந்நீர், சோப்புத்தூள், நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் மூன்றையும் வைத்துத் தேய்தேய் என்று தேய்க்கிறான் ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன். மேஸ்திரி பழைய வேட்டியில் கிழித்த துண்டு ஒன்றைச் சிலிண்டருக்குள் விட்டு, ஒரு சுற்று சுற்றி வெளியே இழுக்கிறார். துணியில் லேசாகச் சாம்பல் நிறம். "திரும்பக் கழுவுடா." திரும்பத் துணி, திரும்பச் சாம்பல். "இன்னொரு தபா." கடைசியில் துணி போன வெள்ளையோடே திரும்பி வந்தபோது எனக்குக் கை தாங்கவில்லை, தட்டியே விட்டேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எண்ணெய்க் கேனை எடுக்கப் போனான். ஈரம் காய்ந்த இரும்பில் உடனே எண்ணெய் தடவாவிட்டால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் துரு பூத்துவிடுமாம்.

பெட்ரோலில் கழுவினால் ஆகாதா என்று கேட்டேன். ஆகாது. பெட்ரோல் எண்ணெய்ப் பசையைத்தான் கரைக்கும். ஹானிங் கல்லிலிருந்து உதிர்ந்த பொடி இரும்பின் கீறல்களுக்குள் உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி வெளியே போட சோப்பு நுரையால்தான் முடியும். அந்தப் பொடி உள்ளேயே இருந்துவிட்டால், புது பிஸ்டனையும் புது ரிங்கையும் முதல் நாளே அரைக்க ஆரம்பித்துவிடும். இன்ஜின் வேலைக்கு ஆன பணம் அப்படியே புகையாகப் போகும், அதுவும் நீலப் புகையாக.

பட்டறை இருப்பது திண்டிவனத்தில், செஞ்சி சாலைப் பக்கம். வண்டிக்காரர் விழுப்புரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வண்டி அம்பாசடர். வெள்ளை. வேறென்ன நிறமாக இருக்கப் போகிறது! உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் இந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் அதற்கெல்லாம் வெகு காலம் முந்தியது. இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனத்து 'பி சீரிஸ்' குடும்பம். 1955-ல் வெளிவந்த எம்ஜிஏ என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்தின் இதே 1489 சிசி இன்ஜின்தான். தாசில்தார் ஜமாபந்திக்குப் போன வண்டிக்கும் வெள்ளைக்காரன் பந்தயத்துக்குப் போன வண்டிக்கும் ஒரே இன்ஜின் என்று தெரிந்ததும் வாத்தியார் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அன்று முழுவதும் "எம்ஜி, எம்ஜி" என்றுதான் காரைக் கூப்பிட்டார்.

போர் போட்டது விழுப்புரத்தில். சிலிண்டரின் மூல விட்டம் 73 மில்லிமீட்டரும் துளியும். தேய்ந்து வாய் அகன்று போயிருந்ததால் இருபது தவ், அதாவது அரை மில்லிமீட்டர், பெரிதாக்கி, அந்த அளவுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கியாகிவிட்டது. பிறகு ஹானிங். மேலும் கீழும் ஏறி இறங்கிச் சுழலும் கற்கள், சிலிண்டர் சுவரில் ஒன்றை ஒன்று வெட்டும் மெல்லிய கோடுகளைப் போடுகின்றன. கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால்தானே நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லவே இல்லை! வழவழத்துப்போன அம்மியைக் கொத்தினால்தானே மிளகாய் அரைபடும்? அதே கதைதான் இங்கேயும். அந்தக் கோடுகளில் எண்ணெய் தங்கும். கோடுகளின் முனைகளில் ரிங் உரசி, முனை மழுங்கி, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பழகி உட்காரும். ரன்னிங் இன் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த உட்காரல்தான்.

உதிரி பாகம் வாங்கும்போது ஒன்று கவனித்தேன். நம் ஊர் மெக்கானிக்குகள் டப்பாவைப் பிரிப்பதற்கு முன்பே அதன்மேல் இருக்கும் பெயரைத் தடவிப் பார்க்கிறார்கள். சென்னை செம்பியத்தில் 1949-லிருந்து இருக்கும் இந்தியா பிஸ்டன்ஸ், கோயம்புத்தூரின் பைமெட்டல் பேரிங்ஸ், மறைமலை நகரின் ஐபி ரிங்ஸ். மறைமலை நகர் ஜிஎஸ்டி சாலையில்தான், திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில். ஒரு இன்ஜினுக்குள் போகும் சாமான்களில் பாதியை இந்த மாநிலத்துக்குள்ளேயே பொறுக்கிவிடலாம் போலிருக்கிறது. காரைத் தயாரித்த தொழிற்சாலை மூடிக் கிடக்க, காருக்கு உயிர் கொடுக்கும் டப்பாக்கள் மட்டும் பஸ் பார்சலில் வந்து இறங்குகின்றன.

சரி, ஃபில்டருக்கு வருவோம். பெரிய சண்டையே இங்கேதான் நடந்தது.

வாத்தியாருக்கு ஒரு ஆசை. எங்கேயோ பார்த்திருக்கிறார், மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வெளிநாட்டு ஃபில்டர். "எவ்வளவு நைஸா வடிகட்டுதோ அவ்வளவு நல்லதுதானே மேஸ்திரி?" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 1988-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ஒருவர் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் சொல்கிறது: 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால் 30 மைக்ரான் ஃபில்டர் தேய்மானத்தைப் பாதியாகக் குறைத்தது; 15 மைக்ரான் ஃபில்டர் 70 சதவீதம் குறைத்தது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கிராங்க் பேரிங்கில் எண்ணெய் ஓடும் இடைவெளியே அதைவிடக் குறைவு. அந்த இடைவெளிக்குள் நுழையும் அளவான தூசிதான் ஆபத்தானது. பெரியது உள்ளே போகவே முடியாது, மிகச் சின்னது எண்ணெயோடு மிதந்து போய்விடும். நடுவில் இருப்பதுதான் கோடு போடும்.

மேஸ்திரி மறுக்கவில்லை. வேறொன்று கேட்டார்: "காலையில ஜில்லுனு இருக்கறப்ப ஆயில் எப்படி இருக்கும் சார்? தேன். அது அந்த நைஸ் பேப்பர்ல எப்படிப் போவும்?" விஷயம் இதுதான். ஃபுல் ஃப்ளோ ஃபில்டரில் பம்ப்பிலிருந்து வரும் எண்ணெய் முழுவதும் காகிதத்தின் வழியாகத்தான் பேரிங்குக்குப் போகவேண்டும். காகிதம் அடைத்தாலோ எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ பேரிங் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காக உள்ளே ஒரு பைபாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள். அழுத்த வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் அது திறந்துகொள்ளும். எண்ணெய் வடிகட்டாமலே நேராக உள்ளே போகும். ஆக, பரப்பளவு போதாத காகிதத்தை அளவுக்கு மீறி நைஸாக்கினால் அந்த வால்வு அடிக்கடி திறந்து, ஃபில்டர் பெயருக்குத்தான் தொங்கிக்கொண்டிருக்கும். நுண்மையும் வேண்டும், காகித மடிப்புகளின் மொத்தப் பரப்பும் வேண்டும். கடையில் நான் பார்த்தவரை டப்பாவின் நிறத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மடிப்பை எண்ணிப் பார்க்கிறவர் மேஸ்திரி ஒருவர்தான்.

காரில் ஆயில் ஃபில்டர் என்பதே ஒரு நூற்றாண்டுச் சமாசாரம். அமெரிக்காவில் எர்னெஸ்ட் ஸ்வீட்லேண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்ஜ் இருவரும் 1923-ல் ப்யூரோலேட்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மறுவருடம் கிரைஸ்லர் தன் புதுக் காரில் அதை மாட்டியது. அதற்கு முன்னால் எண்ணெய்க்குக் கம்பி வலைதான் காவல். இதிலேயே கூத்தான ஒரு கிளைக்கதை உண்டு. ஃப்ரான்ட்ஸ் என்ற ஃபில்டர், அமெரிக்காவில் பல வருடம் சக்கைப்போடு போட்டது. அதற்குள் போடவேண்டிய வடிகட்டி எது தெரியுமா? டாய்லெட் பேப்பர் ரோல்! கடையில் வாங்கும் அதே ரோல்! எண்ணெயில் ஒரு சிறு பங்கை மட்டும் கிளைவழியாக இழுத்து, ரோலின் அடுக்குகளுக்குள் மெதுவாகக் கசியவிட்டு வடிகட்டும். வாத்தியாரிடம் சொன்னேன். எம்ஜிக்கு அந்த மரியாதைக் குறைவு வேண்டாம் என்றுவிட்டார்.

இன்னொரு வழியும் இருக்கிறது, காகிதமே இல்லாத வழி. பட்டறை வாசலில் நிற்கும் மேஸ்திரியின் ஸ்பிளெண்டரில் காகித ஃபில்டர் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணம். சுழற்சி வேகத்தில் கனமான துகள் கிண்ணத்தின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ள, தெளிந்த எண்ணெய் நடுவழியாகப் போகும். பெரிய டீசல் இன்ஜின்களிலும் இந்தச் சுழல் ஃபில்டரைத் துணைக்கு வைப்பதுண்டு. நாம் தினமும் உட்கார்ந்து போகும் வண்டிக்குள் இப்படி ஒரு ராட்டினம் சுற்றுகிறது என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரியவந்தது.

அம்பாசடரின் பழைய ஏற்பாடு இரும்புக் கிண்ணமும் உள்ளே மாற்றும் காகித எலிமெண்ட்டும். நடு போல்ட்டைக் கழற்றி எலிமெண்ட்டை மாற்றவேண்டும். கையெல்லாம் எண்ணெய். மேலே பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழையதை ஊசியால் குத்தி எடுக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்துவிட்டால், ஸ்டார்ட் செய்ததும் தரையெல்லாம் எண்ணெய். இதே குடும்ப இன்ஜின் வைத்திருக்கும் எம்ஜி பிரியர்கள் பலர் அடாப்டர் போட்டுத் திருகிமாட்டும் ஃபில்டருக்கு மாறிவிட்டார்கள். சுலபம்தான். உள்ளே எண்ணெய் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வும் கிடைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தம் சட்டென்று ஏறும். மேஸ்திரி மட்டும் கிண்ணத்தை விடமாட்டேன் என்கிறார். காரணம் கேட்டபோது அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "கிண்ணத்தைத் திறந்தா அடியில என்ன விழுந்திருக்குன்னு தெரியும் சார். டப்பா ஃபில்டர்ல என்ன தெரியும்? அறுத்துத்தான் பாக்கணும்."

ஆகவே முடிவு: வெளிநாட்டுச் சமாசாரம் வேண்டாம், நல்ல கம்பெனியின் சாதாரண எலிமெண்ட், பில்லோடு. சில நூறு ரூபாய் சாமான். ஆனால் ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வைக்கச் சொன்னார். ரன்னிங் இன் சமயத்தில் ஃபில்டர் எவ்வளவு உசத்தி என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறோம் என்பதுதான் கணக்கு. எண்ணெயும் அப்படியே. விலை உயர்ந்த சிந்தெடிக் இப்போது கூடாது. அதன் வழுக்கல் ரிங்கை உட்காரவிடாமல் செய்யும் என்பது மெக்கானிக்குகள் பலரின் கட்சி. 20டபிள்யூ50 மினரல் எண்ணெய், அதிலும் துத்தநாகச் சேர்க்கை அதிகம் உள்ளதாகப் பார்த்து. புதிய கார்களுக்கான எண்ணெய்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அந்தச் சேர்க்கையைக் குறைத்துவிட்டார்கள். இந்த இன்ஜினின் கேமும் டேப்பெட்டும் தட்டையாக உரசிக்கொள்ளும் பழைய ரகம்; துத்தநாகம் இல்லாவிட்டால் பல்லைக் கடிக்கும்.

மாட்டும் வேலை முடிந்தது. ஆயில் பம்ப்புக்குள் வாஸ்லின் அடைத்திருந்தார்கள்; பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு சும்மா சுற்றாமல் உடனே எண்ணெயைப் பிடிக்கவேண்டும் அல்லவா? நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றியாகிவிட்டது. எண்ணெய்க் குழாயில் தற்காலிகமாக ஓர் ஆயில் பிரஷர் கேஜ். அம்பாசடரில் முன்னால் ஹேண்டில் விட்டுச் சுற்றலாமே, அந்தப் பாக்கியத்தை எனக்குக் கொடுத்தார்கள்! பிளக் இல்லாததால் இன்ஜின் எதிர்க்காமல் சுற்றியது. சுற்றினேன். கேஜ் முள் அசையவில்லை. இன்னும் சுற்றினேன். வியர்த்துக் கொட்டியது. வாத்தியார் "கடவுள் வாழ்த்து பாடணுமா?" என்றார். "ஸ்டார்ட்டர் அடி" என்று மேஸ்திரி பையனிடம் சொன்னார். கர்ர்ர் கர்ர்ர்... முள் துடித்தது, மேலே எழுந்தது. "முள்ளு ஏறிடுச்சு டோய்!" கத்தியது யார் என்று திரும்பிப் பார்த்தால், அதுவரை வாயே திறக்காத பையன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் பழைய நம்பிக்கை எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. பிளக் மாட்டி, சாவி திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் எதிர்பார்த்தது என்ன? புதுசு, மெதுவாக ஓடட்டும், ஸ்லோவில் இரண்டு மணி நேரம் விட்டுவிடுவார்கள் என்று. நம் பக்கம் அப்படிச் செய்கிறவர்கள் நிறைய. மேஸ்திரியோ ஆக்சிலேட்டரைப் பிடித்து நேராக 2000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். இருபது நிமிடம்! வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவதும் இறக்குவதுமாக, ஆனால் ஸ்லோவுக்கு விடாமல். கேமுக்கும் டேப்பெட்டுக்கும் எண்ணெய் போவது கிராங்க் சுழன்று வாரி இறைப்பதில்தான். ஸ்லோவில் அந்த மழை போதாது. அந்த இருபது நிமிடமும் யாரும் பேசவில்லை. கேஜ் 50-ஐ ஒட்டி நின்றது. புது பெயின்ட் சூடேறி ஒரு வாசனை வந்தது. எனக்குப் பயமாக இருந்தது, மேஸ்திரிக்கு அது ஊதுவத்தி.

நிறுத்தி, ஆறவிட்டு, எண்ணெயை முழுக்க வடித்தார்கள். ஒரு நிமிடம் யோசியுங்கள், அரை மணி நேரம்கூட ஓடாத எண்ணெய்! வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு கிண்ணத்தைத் திறந்தார்கள். இந்தக் கட்டுரைக்காக நான் பட்ட பாடெல்லாம் இந்தக் காட்சிக்குத்தான். அடியில் மினுமினுவென்று எண்ணெய். காகித மடிப்பைப் பிளேடால் கீறி விரித்து வெயிலில் பிடித்தால் நுண்ணிய மின்னல்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஓட்டினார் மேஸ்திரி. ஒட்டியது இரும்பு: ரிங்கும் சுவரும் பழகியதில் வந்தது, நல்ல செய்தி. ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் அலுமினியம், பிஸ்டனைச் சந்தேகப்படவேண்டும். செம்பு நிறத்தில் செதில் தெரிந்தால் பேரிங். வண்டியை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. இங்கே இருந்தது மை மாதிரி கறுப்புத் தூள், கொஞ்சம் நூல்பிசிறு, ஒரு துளி சிவப்பு கேஸ்கெட் பசை. "பாஸ்" என்றார் வாத்தியார், பழக்க தோஷத்தில்.

மறுநாள் விடியும் முன்பே சாலை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர், பழைய 45-ஆம் எண் நெடுஞ்சாலை. ரன்னிங் இன்னுக்கு வேண்டியது ஏற்ற இறக்கம். பாரம் ஏறினால்தான் சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயு ரிங்கின் முதுகுப்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்தும். ஸ்லோவில் அந்த அழுத்தம் இல்லாமல், எரியாத எண்ணெய் ஹானிங் கோடுகளில் வார்னிஷாகக் காய்ந்து அடைத்துவிடும். பிறகு ரிங் ஜென்மத்துக்கும் உட்காராது. ஆனால் விழுப்புரம் சீமையில் நெடுஞ்சாலை தட்டை. ஏற்றம் என்றால் மேம்பாலம்தான்! ஒவ்வொரு மேம்பாலத்தையும் மேஸ்திரி மலைப்பாதைபோல் வரவேற்றார். மூன்றாவது கியரில் 30-லிருந்து 60 வரை அழுத்தமாக மிதிப்பது, பிறகு காலை முழுக்க எடுத்து வண்டி தானாக 30-க்கு இறங்கும்வரை விடுவது. கால் எடுத்த நேரத்தில் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் மேலே இழுபட்டு உரசிய தூளைக் கழுவிப்போகுமாம். கூட்டேரிப்பட்டு வரை இப்படியே முன்னும் பின்னுமாக ஊஞ்சல். பின்னால் வந்த லாரிக்காரர் என்ன நினைத்தார் என்பதை ஹாரனிலேயே சொல்லிவிட்டார்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசை நின்றது. மேஸ்திரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்ஜின் ஸ்லோவில் நிற்கிறதே! சாவியைத் திருப்பி நிறுத்தினார், நகர்ந்ததும் போட்டார், மறுபடி நிறுத்தினார். அடுத்த பூத்தில் இருந்தவர் வண்டி மக்கர் செய்கிறது என்று நினைத்துத் தள்ளிவிட ஆள் அனுப்பினார். முண்டியம்பாக்கம் தாண்டியபோது சூரியன் வந்துவிட்டது, சைலன்சர் வாயில் கை வைத்துப் பார்த்தால் எண்ணெய்ப் பசை இல்லை. ஆயில் மூடியைத் திறந்தார். ஆவி புஸ்ஸென்று அடிக்கவில்லை. ரிங்கைத் தாண்டி வாயு கீழே கசியும் பேக் கம்ப்ரஷன் இல்லை என்று அர்த்தம். விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே பொங்கலும் வடையும், செலவு வாத்தியாருடையது.

அடுத்து என்ன என்பதற்கு மேஸ்திரி வாய்மொழியாகச் சொன்னது: 500 கிலோமீட்டரில் எண்ணெயும் எலிமெண்ட்டும் மாற்றவேண்டும், ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கி டேப்பெட் இடைவெளி பார்க்கவேண்டும், 1500-ல் இன்னொரு எலிமெண்ட், அதுவரை ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டக்கூடாது, ஆள் நிறைய ஏற்றக்கூடாது, டாப் கியரில் இழுக்கவிட்டுத் திணறடிக்கக்கூடாது. வாத்தியார் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். முந்தின இரவே எழுதி வைத்திருக்கிறார்: கட்டம் போட்ட கால அட்டவணை! திங்கள் மயிலம், செவ்வாய் செஞ்சி, புதன் திருவக்கரை கல்மரப் பூங்கா, வியாழன் மறுபடி செஞ்சி, வெள்ளி மேல்மலையனூர், சனி புதுச்சேரி. ஒவ்வொன்றுக்கும் நேரே கிலோமீட்டர், கூட்டல், சிவப்பு மையில் கையெழுத்துக்கு இடம். மேஸ்திரி தாளை வாங்கி, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்து கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார்.

"ஞாயித்துக்கிழமை எதுக்கு சார் லீவு? அன்னிக்குத்தானே ரோடு காலியா இருக்கும்."